படகு மேலே வரும்போது

அண்டார்க்டிகாவுக்குப் புறப்படும் முன் குளிரைப் பழகிக்கொள்ள நானும் அக்காவும் ஒரகடத்துக்குப் போனோம். புரட்டாசியிலும் வெயில் இறங்காத சாலை அது. ஆனால் கூட்டுச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, லாரிகள் பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருக்கிறது. நகரத்துக் கடைகளுக்குப் போகும் ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் கோழியும் அதற்குள் கூரை உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். அங்கே சூப்பர்வைசராக இருப்பவர், அக்கா வேலைக்குப் போன காலத்தில் அவளோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னாக்கா, ஊரே ஏசி வாங்கி மாட்டுது. நீ ஃப்ரீசருக்குள்ள குந்திக்க வந்துகீறியா?"

"பேச்ச வுடு. ஜாக்கெட்ட எடு."

"எவ்ளோ நேரம் நிப்பே?"

"நீ வெளிய வான்னு சொல்ற வரைக்கும்."

"நான் மறந்துட்டு சாப்புடப் போயிட்டேன்னா?"

"வந்து பட்டாணி மூட்டையோட சேத்து என்னையும் எண்ணிக்க."

வேலையாட்கள் மாட்டிக்கொள்ளும் தடித்த ஜாக்கெட்டுகளைக் கொடுத்தார். அவற்றில் பலருடைய வியர்வை நாற்றம் உறைந்திருந்தது. உள்ளே போன சிறிது நேரத்தில் என் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிட்டது, மூக்குமுடி விறைத்தது, நான் வெளியே வந்துவிட்டேன். அக்கா வரிசை வரிசையாக நடந்து, பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்துவிட்டு நிதானமாக வந்தாள். புருவத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. "இவ்ளோதானா?" என்றாள். நாங்கள் தயார் என்று முடிவு செய்தோம்.

நாங்கள் போகவிருந்தபோது அங்கே கோடைக்காலம். அந்தக் கிடங்கின் குளிர் கடைசிவரை எங்களுக்கு அண்டார்க்டிகாவில் கிடைக்கவில்லை. எதற்குத் தயாராக வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறு எதற்கோ தயாராகியிருந்தோம்.

பயணம் அக்காவின் யோசனை. பென்னலூரில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த கடைசி நிலம் ஒரு கிடங்குக்காரருக்குப் போய், அவரவர் பங்கு அவரவர் கைக்கு வந்திருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் அறை அறையாகக் கட்டி, தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடச் சொல்லி எல்லோரும் அவளுக்கு யோசனை சொன்னார்கள்.

"வூடு கட்டுனா வாடகைக்கு வுடணும். வாடகைக்கு வுட்டா, மோட்டார் ஓடல, தண்ணி வரலன்னு போன் வரும்," என்றாள் அக்கா. "எனக்கு பென்குயின் பாக்கணும்."

சித்தப்பா ஒருவர் அக்கறையாகக் கேட்டார்: "அங்க இன்னா கோயிலு கீது?"

"கோயில் இல்ல சித்தப்பா."

"கடை?"

"கடையும் இல்ல. ஆளே இல்ல."

"அப்ப எதுக்கும்மா போறே?"

பதில் எனக்குத் தெரியும். அக்கா இருபது வருடங்களுக்கு மேல் இருங்காட்டுக்கோட்டையில் காருக்கான ஒயர்க் கொத்துகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே கேன்டீனில் ஒரு டிவி. எந்தக் காலத்திலோ ரிமோட் தொலைந்துபோனதால் எப்போதும் ஒரே சேனல். விலங்குகளைக் காட்டும் சேனல். தட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் ஒலியை நிறுத்தி வைத்திருந்தார்கள். சாம்பார் சாதம் சாப்பிட்டபடி வருடக்கணக்கில் அவள் பார்த்தது பனியும் பென்குயினும். கணவர் இறந்த பின் வந்த வாரங்களிலும் அந்த மேசையில்தான் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே என்னிடம் இந்தப் பேச்சை எடுத்தாள். நான் அப்போதுதான் பத்திரிகை வேலையை விட்டிருந்தேன். "நீயும் வா. இங்கிலீசுக்கு ஒரு ஆள் வேணும்," என்றாள். அழைப்பு அவ்வளவுதான்.

அர்ஜென்டினாவின் தென்கோடியில், உஷுவாயா என்ற ஊரில் கப்பல் ஏறினோம். சிறிய கப்பல். முதலில் கடக்க வேண்டியது அலை ஓயாத டிரேக் நீரிணை. கப்பலில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், நானும் படுத்தேன். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே தூங்கிப் பழகியவள், ஆடும் சாப்பாட்டு அறையில் தட்டைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். அங்கே அவளைப் போலவே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோயம்புத்தூர் அம்மா ஒருவர் அவளுக்குத் தோழியானார். அவர் வீட்டுக்காரரும் என்னைப் போல் கட்டிலில்தான்.

முதல் பனிப்பாறையை அக்காதான் எனக்குக் காட்டினாள். எழுப்பி, இழுத்துக்கொண்டு போய் மேல்தளத்தில் நிறுத்தினாள். தூரத்தில் ஒரு கல்யாண மண்டப அளவுக்கு இருந்தது. கப்பல் நெருங்க நெருங்க, நான்கு மாடித் தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தது. மேலே வெள்ளை, அடியில், தண்ணீர் தொடும் இடத்தில், வெல்டிங் சுடரின் நடுவில் தெரியும் நீலம். சுற்றிலும் மிதந்த சிறு துண்டுகள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன. பனிக்குள் காலங்காலமாக அடைபட்ட காற்று வெளியேறும் ஓசை அது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

"பப்பிள் ஷீட்ட நசுக்குற சத்தம்டா," என்றாள் அக்கா. அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியவில்லை.

கப்பல் கரைக்குப் போகாது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு படிக்கட்டை இறக்குவார்கள். அதன் அடியில் சிறிய மேடை. அங்கிருந்து ரப்பர் படகுக்குள் கால் வைக்க வேண்டும். மேடையில் நிற்கும் மாலுமியின் முழங்கையை நாம் பிடிக்க, அவர் நம் முழங்கையைப் பிடிப்பார். படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பயணக் குழுவின் தலைவி உயரமான, அதிர்ந்து பேசாத பெண். விதியை முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: தானாகக் கால் எடுத்து வைப்பவர்கள் மட்டுமே கரைக்குப் போகலாம். தூக்கி இறக்க மாட்டோம். அலையில் அது இருவருக்கும் ஆபத்து.

அதற்கு முன் ஒரு சோதனை இருந்தது. வெளியூர் விதை எதுவும் அந்த மண்ணுக்குப் போய்விடக் கூடாது என்பதால் எல்லோரும் தங்கள் துணிகளைக் கொண்டுவந்து சுத்தம் செய்ய வேண்டும். அக்கா தன் பேன்ட், கையுறை, பை ஒவ்வொன்றையும் விரிப்பாள், ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டுவாள், சத்தமாகச் சொல்வாள்: "பாக்கெட் ஓகே. ஜிப் ஓகே. மடிப்பு ஓகே." அவள் தொழிற்சாலையில் அதுதான் முறை. கண் ஏமாற்றும், வாய் ஏமாற்றும், விரலும் கண்ணும் வாயும் சேர்ந்து ஏமாற்றாது என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தாலும் அப்படித்தான் சொல்வாள். பேரப்பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அன்று என் காலுறையை விரித்து விரலை நீட்டியவள், ஓகே சொல்லவில்லை.

"இது இன்னாடா?"

ஒட்டுப்புல். பென்னலூர் வரப்பில் ஒட்டிக்கொண்டது.

"நல்ல வேள. இவனால இங்க நம்மூரு புல்லு மொளச்சிருக்கும்," என்று கோயம்புத்தூர் அம்மாவிடம் சொன்னாள். அவர், "மொளைச்சா மாடு மேய்க்கலாமுங்க," என்றார்.

மறுநாள் முதல் தீவு. அக்கா சிவப்பு ஜாக்கெட்டும் முட்டி வரைக்குமான பூட்ஸும் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படிக்கட்டில் இறங்கினாள். மேடைக்கு வந்தாள். படகு மேலே வந்தது, கீழே போனது. மாலுமி கையை நீட்டினார். அவள் நகரவில்லை. மறுபடியும் மேலே வந்தது. நகரவில்லை. பிறகு திரும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ போ," என்றாள். அவள் மேலே ஏறுவதற்காகப் படிக்கட்டில் நின்ற அத்தனை பேரும் பின்னால் ஏறி வழிவிட வேண்டியிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

நான் போனேன். கருவாட்டுக் கூடையையும் கோழிப்பண்ணையையும் சேர்த்துத் திறந்ததுபோல் நாற்றம். ஆயிரக்கணக்கான பென்குயின்கள் தலையை வானத்துக்குத் தூக்கி, கழுதையைப் போலக் கத்தின. அவளுக்காகக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்தேன். அறையில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது.

"கத்துதுங்களா இதுங்க?"

"கத்துறதா? பக்கத்துல நிக்கறவங்க பேசறது கேக்கல."

"இத்தன வருஷமா சும்மா வாய வாய தொறக்குதுங்கன்னு நெனச்சினு இருந்தேன்டா." மறுபடியும் காதில் வைத்தாள். "அதுங்களுக்குச் சத்தமே இல்லன்னு நெனச்சேன்."

மூன்று முறை கேட்டிருப்பாள். அதற்குப் பிறகு, கரையில் இறங்காமல் ஊருக்குத் திரும்புவது என்பது அவளால் முடியாத காரியம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது தீவில் மேடை வரைக்கும் போய்க் கையை நீட்டிவிட்டாள். மாலுமி முழங்கையைப் பிடித்தும்விட்டார். அவள் காலைத் தூக்கிய நேரத்தில் படகு சரிந்து கீழே இறங்கியது. மேடைக்கும் படகுக்கும் நடுவே கரும்பச்சைத் தண்ணீர் திறந்தது. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள். மதியம் தலைவி எங்களைத் தேடி வந்தார். நாளைக் காலை கடைசி இறக்கம், இந்த முறை தீவு இல்லை, கண்டத்தின் நிலமே; அதோடு கப்பல் வடக்கே திரும்பிவிடும் என்றார். இறங்க முடியாவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மேல்தளத்தில் நல்ல இருக்கையும் சூடான சாக்லேட்டும் தருகிறோம் என்றார். நான் தமிழில் சொன்னேன். அக்கா மரியாதையாகத் தலையாட்டினாள். அவர் போனதும், "சாக்லேட்டு குடிக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள்.

"அன்னிக்கி வெள்ளத்துல போட்டு நவுந்துச்சுடா."

தாம்பரம் பக்கம் அவள் வாடகைக்கு இருந்த ஒரு மழைக்காலம். தெருவில் வெள்ளம். மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். மாடிப்படியிலிருந்து அவள் படகில் கால் வைத்தபோது படகு விலகியது, நடுவில் விழுந்தாள். யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். எனக்கும் தெரிந்த சம்பவம்தான். அவள் அதைச் சிரிப்புக் கதையாகவே எங்களிடம் சொல்லிவந்தாள். "முடி இருந்துச்சு, பொழச்சேன், இவனா இருந்தா போயிருப்பான்," என்று என் வழுக்கையைக் காட்டி முடிப்பாள். இந்த முறை அப்படி முடிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவளைக் காணவில்லை. தேடினால், மேல்தளக் கம்பியைப் பிடித்துக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊழியர்கள் கரையில் வைத்திருந்த கொடிகளையும் பெட்டிகளையும் படகில் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா பாக்குற?"

"லைனு."

"எந்த லைன்?"

"எங்க கம்பெனியில ஒயர் மாட்டுற போர்டு நிக்காதுடா. சுத்தி வந்துகினேதான் இருக்கும். நாம நின்ன எடத்துல நின்னு ஒயர மாட்டணும். புதுசா வர்ற பொண்ணுங்க போர்டு பின்னாலயே ஓடும். கை மாட்டிக்கும், அழும். அது பின்னால ஓடக் கூடாது. நம்ம எடத்துக்கு வரும், வந்து ஒரு நிமிசம் நிக்கிற மாதிரி தெரியும், அப்ப தொடணும்." கீழே காட்டினாள். "பாரு. மேல வந்துட்டு, எறங்கறதுக்கு முன்னால கொஞ்சம் நிக்குது. அந்த ஆளுங்க அப்பத்தான் கால் வைக்குறாங்க. நான் அது கீழ போவும்போது தூக்குனேன்."

"அப்ப தெரிஞ்சிடுச்சு."

"தெரியறது வேற, காலு கேக்கறது வேற. கம்னு பாக்க வுடு."

குளிரில் என்னால் அவளோடு நிற்க முடியவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

காலையில் காற்று எழுந்திருந்தது. இறக்கம் உண்டு, ஆனால் சீக்கிரம் முடித்துக்கொள்வோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வரிசையில் அக்கா, அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கோயம்புத்தூர் அம்மா. அக்கா மேடைக்கு இறங்கினாள். முந்தின இரண்டு நாட்களைவிடப் படகு அதிகமாக ஏறி இறங்கியது. மாலுமி கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை.

அப்போது அவள் ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"பூட்ஸ் ஓகே," என்றாள், தன் காலைக் காட்டி. "மேடை ஓகே." மேடை. "கயிறு ஓகே." படகின் ஓரத்தில் கட்டியிருந்த கயிறு. மாலுமி புரியாமல் விரல் போன திசையெல்லாம் பார்த்தார். அவரையும் விரலால் காட்டி, "ஆளு ஓகே," என்றாள். அவர், "ஓகே?" என்று கேட்டபடி அவளை இழுக்கப் பார்த்தார்.

"நீ இரு," என்றாள் அக்கா தமிழில்.

அவர் இருந்தார்.

படகு மேலே வந்தது. விட்டாள். கீழே போனது. மறுபடியும் வந்தது. அதையும் விட்டாள். பின்னால் படிக்கட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். கோயம்புத்தூர் அம்மா திரும்பி, "சித்த இருங்க, அவங்க பார்த்துட்டு இருக்காங்கல்ல," என்று ஜெர்மனியோ நார்வேயோ தெரியாத ஒருவரிடம் சுத்தமான கோவைத் தமிழில் சொன்னார். அவரும் அமைதியாகிவிட்டார்.

படகு மறுபடியும் ஏறியது. உச்சிக்கு வந்து நின்றது. நின்றதை அன்று நானும் பார்த்தேன். "போட்டு ஓகே," என்று சொல்லி முடிக்கும்போது அவள் கால் படகின் ரப்பர் விளிம்பில் இருந்தது. அடுத்த கால் உள்ளே. படகு அவளோடு கீழே இறங்கியது. அவள் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா நிக்கற? வா. லைன் நிக்குது."

என் முறை வந்ததும் அவசரத்தில் கீழே போகும் படகில் கால் வைத்து, மாலுமியின் மேல் போய் விழுந்தேன். அதை அவள் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள்.

கரையில் படகின் விளிம்பில் காலைத் தூக்கிப் போட்டு, முட்டியளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். தலைவி அங்கே நின்றிருந்தார். கை குலுக்கினார், பிறகு, வழக்கமில்லாமல், கட்டிப்பிடித்தார். அக்கா அவரை விலக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நூற்றுக்கணக்கான ஜென்டூ பென்குயின்கள் பனிச்சரிவில் கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு எதிரே, அனுமதித்த தூரத்தில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூக்கைப் பொத்தவில்லை. அழுதாளா என்று கேட்பீர்கள். இல்லை. வாய் கொள்ளாமல் சிரித்தாள். பற்கள் அத்தனையும் தெரிந்தன.

பனியில் பென்குயின்கள் நடந்து நடந்து பள்ளமான தடங்கள் இருந்தன. அந்த வழியில் அவற்றுக்குத்தான் முன்னுரிமை. வந்தால் மனிதர்கள் நிற்க வேண்டும். ஒரு பென்குயின் வாயில் கூழாங்கல்லோடு வந்தது. அக்கா நின்றாள். அது அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குறுக்கே நிதானமாகக் கடந்தது.

"சுங்குவார்சத்திரத்துல நான் ரோடு தாண்டும்போது ஒருத்தனாவது நின்னிருப்பானா?" என்றாள். "இதுக்கு நான் நிக்கறேன் பாரு. போடா ராசா, போ."

அதைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த நான் தொடை வரை பனியில் புதைந்தேன். கோயம்புத்தூர்த் தம்பதி இருவரும் சேர்ந்து இழுத்தும் கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. என் காலுறை நனைந்துவிட்டதால், எல்லோருக்கும் முன்னதாகக் கப்பலுக்கு அனுப்பப்பட்டேன்.

காற்று கொஞ்சம் தணிந்தது. விருப்பமுள்ளவர்களைப் படகிலேயே பனிப்பாறைகளுக்கு நடுவே சுற்றிக் காட்டுகிறோம் என்று தலைவி கரையில் அறிவித்தாராம். மொழிபெயர்க்க நான் இல்லை. கோயம்புத்தூர் அம்மா விளக்க வாயெடுக்கும் முன்பே அக்கா கையைத் தூக்கிவிட்டாளாம்.

உலர்ந்த காலுறை மாட்டிக்கொண்டு மேல்தளத்திலிருந்து பார்த்தேன். தண்ணீரில் ஒரு சிவப்புக் கொத்து. முன்னால், அலை முதலில் மோதும் இடத்தில், அவள் உட்கார்ந்திருந்தாள். படகு நீலமான ஒரு பாறையின் பின்னால் போய் மறைந்தது. எங்கோ ஒரு பனிச்சுவர் உடைந்து விழுந்தது. துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்குவது போன்ற சத்தம். கொஞ்ச நேரத்தில் படகு மறுபக்கத்தில் வெளியே வந்தது. அதன் அருகே ஒரு திமிங்கிலத்தின் முதுகு, கறுப்பாக, அவசரமில்லாமல் எழுந்து மடங்கியது. படகில் அத்தனை பேரும் எழுந்து நிற்கப் பார்க்க, மாலுமி கையைக் காட்டி உட்கார வைத்தார்.

படகு மேடைக்குத் திரும்பியபோது நான் படிக்கட்டின் உச்சியில் காத்திருந்தேன். ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். அடுத்த சுற்றுக்கான ஆட்கள் இறங்கத் தயாராக நின்றார்கள். காற்றுக்குப் பயந்து சிலர் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் இடம் காலியாக இருந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. மாலுமி ஏதோ கேட்டார். காலி இருக்கைகளைக் காட்டி அவள் ஏதோ சொன்னாள். எந்த மொழியில் என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

"இன்னாக்கா, வரலியா?" என்று கத்தினேன்.

நிமிர்ந்தாள். முகம் முழுக்க உப்புத் தண்ணீர்.

"நீ போய் சாப்புடு. நான் ஓவர்டைம் பாத்துட்டு வரேன்."

படகு மறுபடியும் பனிப்பாறைகளை நோக்கித் திரும்பியது.